குழாய்க்குள் ஒரு துண்டு வானம்

திண்டிவனம்
6.1.2025

மேரி அக்காவுக்கு,

கலைப்பிரியா எழுதுவது. போன வாரம் நான்கு முறை கூப்பிட்டீர்கள். நான்கு முறையும் எடுத்தேன். "ஆமாங்க்கா", "சரிங்க்கா", "வர்றேங்க்கா" என்று மூன்று சொற்களையே மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு வைத்தேன். நீங்கள் சிரித்தீர்கள். எனக்குப் போனை வைத்த பிறகுதான் பேச்சு வரும். அடுப்படியில் நின்று, கொதிக்கிற உலையிடம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடிப்பேன். வாட்ஸ்அப்பில் எழுதிப் பார்த்தேன். அனுப்பிய பிறகு நீலக் கோடு விழுந்ததா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கை வேலையில் ஓடவில்லை. அதனால்தான் இந்தக் காகிதம். கூட்டேரிப்பட்டில் எங்கள் சைட்டுக்கு கான்கிரீட்டைத் தாங்க நீங்கள் வாடகைக்கு விடும் சென்ட்ரிங் ஷீட்டுகளை இறக்கத் தேவா அண்ணன் வருகிறாரே, அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் லாரி, உங்கள் வீட்டுக்காரரே டிரைவர். தபால்காரர் தேவையில்லை.

புனிதா அக்காவின் பெயிண்ட் கடை மாடியில் மாதக் கூட்டம் நடந்தபோது, எல்லோரும் தங்கள் பயத்தைச் சொல்லச் சொன்னார்களே. நம்மைப் போல் கட்டட வேலையை எடுத்து நடத்துகிற அத்தனை பெண்களும் ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். என் முறை வந்ததும் "ஒண்ணும் இல்லைங்க" என்றேன். அது பொய். உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதற்குத்தான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தீர்கள் என்று நினைக்கிறேன்.

அப்பா ஆடி மாதம் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்ததிலிருந்து வேலையெல்லாம் நான்தான் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். சிவில் படித்தவள். போர்டில் இன்னும் 'பாண்டுரங்கன் கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்' என்றுதான் இருக்கிறது, அது இருக்கட்டும். சைட்டில் நான் ஏதாவது சொன்னால் ஆட்கள் என்னைப் பார்ப்பதில்லை. எனக்குப் பின்னால் பார்ப்பார்கள். அங்கே ஒரு ஆண் நின்று அதையே திரும்பச் சொன்னால்தான் கை அசையும். சீனுவாசன் சித்தப்பா சொல்லுவார், சத்தமாக. உடனே வேலை நடக்கும். நான் சொன்னதுதான். ஆனால் அவர் சத்தம்.

அப்பா பொங்கல் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார்: "கூட்டேரிப்பட்டு வீட்டுக்குக் கூரைத் தளம் போடுற வரைக்கும் நீ பாத்துக்கோ. அதுக்கப்புறம் நீ நடத்தறதா, சித்தப்பா நடத்தறதான்னு முடிவு பண்ணிக்கலாம்." அந்த வீட்டுக்காரர் வெங்கடாசலம், ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். அவரும் கணக்கு வழக்கைத் தவிர எல்லாவற்றையும் சித்தப்பாவிடம்தான் கேட்கிறார்.

சாயந்திரம் எல்லோரும் போன பிறகு நான் கொஞ்ச நேரம் அந்த வீட்டுக்குள் நிற்பேன். ஜன்னல் வரப்போகிற ஓட்டைகள் வழியாக வெளிச்சம் உள்ளே வந்து, சமையலறையா படுக்கையறையா என்று தெரியாத அறைகளில் உட்காரும். ஜங்ஷனில் லாரிகள் போவது தூரத்துக் கடல் மாதிரி கேட்கும். மயிலம் குன்றில் விளக்கு ஏற்றுவார்கள். அப்போது இந்த வீட்டில் யாரோ ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருப்பது போலவும், நான் சத்தமில்லாமல் நடக்க வேண்டும் போலவும் இருக்கும்.

இதை யாரிடம் சொல்லுவேன்? இந்த வேலையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. என் பயம் அதுதான்.

அன்புடன்,
கலைப்பிரியா


விழுப்புரம்
10.1.2025

கலைக்கு,

மேரி எழுதுகிறேன். எங்கள் வீட்டு டிரைவர் லெட்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, "இருதயமேரி மேடம், உங்களுக்கு லவ் லெட்டரு. யாருன்னு சொன்னா அடிக்க மாட்டேன்" என்று தெருவெல்லாம் கேட்கும்படி கூவிவிட்டார். பக்கத்து வீட்டில் இரண்டு நாளாக என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். உன்னால் எனக்கு இப்படி ஒரு பேரு.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் கையால் எழுதியது பில் மட்டும்தான். பிழை இருந்தால் கண்டுக்காதே.

உன் பயத்தைச் சொன்னாய். என்னுடையதையும் சொல்கிறேன். கூட்டத்தில் நான் "பாக்கி வசூல்" என்று சொன்னேனே, அது உன்னுடையதைப் போலத்தான், சும்மா. தளம் போடுவதற்கு முந்தின நாள் எனக்குத் தூக்கம் வராது. கண்ணை மூடினால் ஷீட்டைத் தாங்க நான் நிறுத்திய முட்டுகள் ஒவ்வொன்றும் ஆளாகத் தெரியும். இருட்டில் வரிசையாக நின்று இரண்டு கையாலும் கூரையைத் தாங்கிக்கொண்டு, யாரும் பேசாமல் நிற்பார்கள். அதில் ஒருவன் மட்டும் என்னைப் பார்த்து, "எவ்ளோ நேரம்க்கா?" என்று கேட்பான். எங்கள் அப்பா சென்ட்ரிங் கூலி. ஷீட்டைச் சுமந்தே கழுத்து சாய்ந்து போனவர். அவர் முகம் மாதிரியே இருக்கும்.

என் முதல் வேலை பொம்மையார்பாளையத்தில், கடலுக்குப் பக்கத்தில் ஒரு விடுதி. அன்றைக்குப் புனிதா வந்து நின்றாள். நீ அப்போது நம் கூட்டத்தில் இல்லை. இது நாமாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம்: யாருக்குத் தளம் போடும் நாளோ, அவளுக்காக இன்னொருத்தி போய் நிற்க வேண்டும். உதவி செய்யக் கூடாது. யோசனை சொல்லக் கூடாது. வாயைத் திறக்கவே கூடாது. ஏனென்றால் நாம் ஒரு வார்த்தை பேசினால் போதும், ஆட்கள் அவளை விட்டுவிட்டு நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அன்றைக்குப் புனிதா கடல் காற்றில் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு பொழுதுக்கும் நின்றாள். குடை இரண்டு முறை மடங்கித் திரும்பியது. அப்போதும் பேசவில்லை. நான் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் இருந்தாள், அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது.

உனக்கு நான் வந்து நிற்கிறேன். நாள் சொல்.

மேரி


திண்டிவனம்
22.1.2025

மேரி அக்காவுக்கு,

நாளைக் காலையில் தளம். கூடுதல் முட்டுகளை இறக்கிவிட்டுத் தேவா அண்ணன் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் எழுதுகிறேன். நீங்கள் வருகிறீர்கள் என்ற நினைப்பே கழுத்தில் ஈரத்துண்டு போட்டது போல் இருக்கிறது.

எல்லாம் தயார். கம்பி கட்டி முடித்தாயிற்று. உங்கள் ஷீட்டுகள் வெயிலில் தகதகவென்று கிடக்கின்றன. மேலே நடந்தால் குளத்தின் மேல் நடப்பது போல் இருக்கிறது. வெங்கடாசலம் ஐயா நாளைக்கு ஆட்களுக்கெல்லாம் பிரியாணி சொல்லியிருக்கிறார்.

மதியம் கடைசியாக ஒரு தடவை மட்டம் பார்த்தார்கள். அந்த நேரத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்களுக்கு அது தினம் பார்க்கிற காட்சிதான். எனக்கு இன்னும் பழகவில்லை. தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையைச் சித்தப்பா வாசல் மூலையில் பிடித்துக்கொண்டார். இன்னொரு முனையை முருகையன் மேஸ்திரி படிக்கட்டு மூலைக்குக் கொண்டு போனார். நடுவில் சுவர். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஆனால் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். அங்கே என்ன உயரமோ இங்கேயும் அதே உயரம். சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் தண்ணீர் மட்டும் பேசிக்கொள்கிறது. நாம் எழுதிக்கொள்வதும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றியது.

அதைவிட அழகு ஒன்று பார்த்தேன். குழாய் சுவரில் ஏறுகிற இடத்தில் ஒரு காற்றுக் குமிழி. மல்லாட்டையைத் தோலுரித்தால் வரும் வேர்க்கடலைப் பருப்பு அளவு இருக்கும். வெயில் அதன் மேல் விழுந்து, வானத்தில் ஒரு துண்டு குழாய்க்குள் மாட்டிக்கொண்டது போல் நீலமாக மினுங்கியது. ஏறுமா இறங்குமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அசையவில்லை. அப்படியே தூங்கிவிட்டது போலிருக்கிறது. சித்தப்பா, "இன்னா பாத்துக்கினு நிக்கிற? தள்ளு" என்றார். தள்ளி நின்றேன். படிக்கட்டு மூலையில் ஷீட் கொஞ்சம் ஏறி இருப்பதாகத் தெரிந்ததாம், இறக்கிவிட்டார்கள்.

தேவா அண்ணன் ஹாரன் அடிக்கிறார். நாளைக்குப் பார்ப்போம்.

கலைப்பிரியா


திண்டிவனம்
26.1.2025

இருதயமேரி அவர்களுக்கு,

நேற்று உங்கள் போனை நான் எடுக்கவில்லை. எடுத்தால் "சரிங்க்கா" என்று சொல்லிவிடுவேன். இந்த முறை அதைச் சொல்ல விருப்பமில்லை.

நீங்கள் செய்தது சரி. முதலிலேயே எழுதிவிடுகிறேன். குழாயில் குமிழி இருந்தால் தண்ணீர் பொய் சொல்லும் என்பது எனக்குத் தெரியாததல்ல. முதல் வருடமே படித்தேன். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினேன். கண்ணெதிரில் வந்தபோது அழகு என்று பார்த்துக்கொண்டு நின்றேன். சரியாக இருந்த மூலையை அரை அங்குலம் இறக்கிவிட்டார்கள். கான்கிரீட் விழுந்திருந்தால் மழைத் தண்ணீரெல்லாம் வெங்கடாசலம் ஐயாவின் படிக்கட்டில்தான் வந்து நிற்கும். லாரி ஜங்ஷனில் திரும்பும்போது என் கடிதத்தைப் பிரித்துப் படித்து நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள்.

ஆனால் லாரி நிற்பதற்குள் குதித்து, "நிறுத்துங்க! யாரும் போடாதீங்க! மட்டம் தப்பு!" என்று கத்தினீர்களே. மிக்சர் நின்றது. கலவை தூக்குகிற லிஃப்ட் நின்றது. சட்டியைத் தலையில் வைத்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். நான் உங்களுக்கு நான்கு அடி தள்ளி நின்றேன். என் கடிதத்தை உயர்த்திப் பிடித்திருந்தீர்கள். என் கையெழுத்து வெயிலில் தெரிந்தது.

என் காதில் சொல்லியிருக்கலாம்.

நீங்கள் மறுபடி மட்டம் பார்த்துக் காட்டியபோது வெங்கடாசலம் ஐயா உங்களைக் கும்பிட்டு, "நீங்கதான் இன்ஜினியருங்களா?" என்று கேட்டார். சித்தப்பா சிரித்தார். "எங்க இன்ஜினியரு அதோ நிக்குது சார். குமிழிய ரசிச்சுக்கினு." மட்டம் பார்த்தது அவர்தான். ஆனால் எல்லோரும் சிரித்தது என்னைப் பார்த்து. தளம் இல்லை என்று ஆனபிறகு அந்தப் பிரியாணியைக் காலை பத்து மணிக்கே திறந்தார்கள். எல்லோரும் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் மேலே ஏறிப் போய் ஷீட்டின் மேல் உட்கார்ந்துகொண்டேன். வானம் முழுக்க இருந்தது. அன்றைக்கு அது எனக்கு அழகாகத் தெரியவில்லை.

வெங்கடாசலம் ஐயா இனி நல்ல நாள் பார்த்துத்தான் போட வேண்டும் என்கிறார். அதற்குள் யார் பொறுப்பு என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள் என்று அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறார்.

நிற்பது மட்டும்தான், பேசக் கூடாது என்று எனக்கு எழுதியவர் நீங்கள்.

கலைப்பிரியா


விழுப்புரம்
29.1.2025

கலைப்பிரியாவுக்கு,

உன் லெட்டரைத் தேவா எந்தக் கிண்டலும் இல்லாமல் கையில் கொடுத்தார். அப்போதே தெரிந்துவிட்டது.

நானும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிக்சர் ஓடிக்கொண்டிருந்தது. முதல் சட்டி மேலே போய்விட்டது. உன் காதைத் தேடிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. என் ஷீட்டின் மேல் தப்பான தளம் விழுந்தால் நாளைக்கு ஊரில் என்ன பேசுவார்கள்? "மேரி சென்ட்ரிங்கு கோணல்" என்பார்கள். குமிழியை யாரும் பேச மாட்டார்கள்.

அப்புறம் இன்னொன்று. காதில் சொல்லியிருந்தால் நீ கத்தியிருப்பாயா? யோசித்துச் சொல்.

மேரி


விழுப்புரம்
2.2.2025

கலை,

நீ பதில் எழுதுவதற்கு முன்னால் இன்னொன்று எழுதிவிடுகிறேன். போன லெட்டரை அனுப்பிவிட்டு, இன்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசையில் உட்கார்ந்திருந்தேன். சாமியார் என்ன பேசினார் என்று ஒன்றும் ஏறவில்லை. உன்னைக் கேட்ட கேள்வி என்னையே சுற்றிச் சுற்றி வந்தது.

முதல் சட்டி மேலே போகவில்லை. லிஃப்டில்தான் இருந்தது. அரை அங்குலத்துக்கு யார் தலையிலும் எதுவும் விழுந்திருக்காது. உன் பக்கத்தில் வந்து, தோளைத் தொட்டு, "கலை, குமிழி" என்று இரண்டு சொல் சொல்ல நேரம் இருந்தது. நான் கத்தியதும் அத்தனை பேரும் நின்றார்களே, அந்த ஒரு நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது. என் அப்பா காலமெல்லாம் மற்றவர்கள் கத்தியதற்கு நின்றவர். நான் கத்தி ஒரு சைட்டே நின்றது. அதை உன் செலவில் வாங்கிக்கொண்டேன்.

வீட்டு டிரைவரிடம் சொன்னேன். "அதான் அன்னிக்கி ரெண்டு தட்டு பிரியாணி சாப்ட்டியா?" என்றார். இவரை வைத்துக்கொண்டு எனக்குப் பெரிய பேஜாரு.

கூப்பிட்டால் வருகிறேன். கூப்பிடாவிட்டாலும் ஷீட்டுக்கு வாடகை கூட்டமாட்டேன்.

மேரி


திண்டிவனம்
7.2.2025

மேரி அக்காவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் ஒன்றாகத்தான் வந்தன. தேவா அண்ணன் முதல் கடிதத்தை வண்டி டாஷ்போர்டிலேயே வைத்திருந்தாராம். "அது சூடா இருந்துச்சும்மா, கொஞ்சம் ஆறட்டும்னு வெச்சிருந்தேன்" என்றார். அவரைத் திட்டாதீர்கள்.

காதில் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேனா? தெரியவில்லை அக்கா. கத்தியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். சித்தப்பாவிடம் போய் மெதுவாகச் சொல்லியிருப்பேன். அவர் கத்தியிருப்பார்.

அப்பாவிடம் நானே சொன்னேன். குமிழியைப் பார்த்தேன், அழகாக இருந்தது, அதனால் விட்டுவிட்டேன் என்று. அப்பா கட்டிலில் படுத்தபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்ளோ பெருசு?" என்று கேட்டார். மல்லாட்டைப் பருப்பு அளவு என்றேன். "அவ்ளோ சின்னதா! எனக்குத் தெரிஞ்சிருக்காது. கண்ணு மங்கி ரெண்டு வருசம் ஆவுது" என்றார். பக்கத்தில் சித்தப்பா இருந்தார். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

அதற்கு மறுநாள்தான் யார் நடத்துவது என்ற பேச்சு நடந்தது. "பாப்பா வேலை தெரிஞ்சவதான் அண்ணே. யாரு இல்லன்னா? ஆனா பத்து பேரு முன்னாடி வாயே திறக்க மாட்டேங்குதே. கான்ட்ராக்டர்னா வாயி வேணும். போர்டுல பேரு இருந்தா மட்டும் ஆள் வேலை செய்வானா?" என்றார் சித்தப்பா. அவர் கெட்டவர் இல்லை அக்கா. என்னைக் காலேஜில் சேர்த்த அன்று, மழையில் என் சர்ட்டிபிகேட்டைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தவர். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் எனக்கு வலித்தது.

"இந்தத் தளம் போடுற வரைக்கும்னு சொன்னீங்க. இன்னும் போடலையே" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அப்பா, "ஆமா, இன்னும் போடலியே" என்றார்.

ஆக, தளம் போடுவது மாசியில் முதல் நாள். 13ஆம் தேதி, வியாழக்கிழமை.

இன்று விடியற்காலையில் நானே மட்டம் பார்த்தேன். ஒரு முனையை நான் பிடித்தேன். இன்னொன்றைச் சித்ரா பிடித்தாள், கல் சுமக்கிற சித்ரா. பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. வயல் எது, சாலை எது என்று தெரியவில்லை. வீடு மட்டும் பாலில் மிதக்கிற மாதிரி நின்றது. தண்ணீரை ஊற்றி, குழாயை விரலால் தட்டித் தட்டி, இருந்த குமிழியையெல்லாம் வெளியே விட்டேன். ஒவ்வொன்றும் மேலே வந்து, ஒரு நொடி நின்று, போனது. இந்த முறையும் அழகாகத்தான் இருந்தன. பார்த்தேன், விட்டுவிட்டேன். பனிக்குள்ளிருந்து சித்ராவின் குரல் மட்டும் வந்தது: "இங்க கோட்டு மேல நிக்குது அக்கா! அங்க?" "இங்கயும்" என்றேன். நான் சொன்னதை யாரும் திரும்பச் சொல்லவில்லை. அங்கே அவளும் நானும் மட்டும்தான் இருந்தோம்.

வியாழக்கிழமை வந்து நில்லுங்கள். வாயைத் திறக்காதீர்கள்.

கலை


விழுப்புரம்
15.2.2025

என் கலைக்கு,

நீ எழுத மாட்டாய் என்று எனக்குத் தெரியும். எழுதினாலும் வானம், மேகம் என்று எழுதிவிட்டு, உன்னை மட்டும் விட்டுவிடுவாய். அதனால் நான் எழுதி வைக்கிறேன். பின்னால் நின்றவளுக்குத்தான் எல்லாம் தெரியும்.

காலையில் வந்து இறங்கியதும் உனக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கிளம்பும்போதே தேவா, "வாய்ல ஒட்ட டேப் வேணுமா? டூல் பாக்ஸ்ல இருக்குது" என்றிருந்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். ஆட்கள் நான் பல்வலிக்காரி என்று நினைத்திருப்பார்கள்.

மதியம் வரை நன்றாகப் போனது. பாதித் தளம் முடிந்தது. அப்போதுதான் மிக்சர் ஒரு இருமல் இருமி நின்றது. முருகையன் மேஸ்திரி உதைத்துப் பார்த்தார், சுற்றிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. திண்டிவனத்தில் வேறு மிக்சர் தேடிப் பிடித்துக் கொண்டுவர இருட்டிவிடும். உன் சித்தப்பா மேலிருந்து, "மீதிய நாளைக்குப் போட்டுக்கலாம். எல்லாம் இறங்குங்கப்பா" என்றார். ஆட்கள் கையைக் கழுவ ஆரம்பித்தார்கள்.

பாதியில் நிறுத்தி மறுநாள் போட்டால் பழையதும் புதியதும் நடுவில் ஒட்டாது, அந்தக் கோட்டில்தான் மழைத் தண்ணீர் இறங்கும் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நான் முந்தானையைக் கடித்துக்கொண்டேன். கலை, மாதா சத்தியமாகச் சொல்கிறேன், என் ஆயுசில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் சும்மா இருந்ததில்லை.

நீ நடுவில் வந்து நின்றாய். "நிறுத்தக் கூடாது. இன்னைக்கே முடிக்கணும். கையால கலக்கலாம்" என்றாய்.

நீ கத்தவில்லை. அடுத்த வீட்டில் குழந்தை தூங்குகிற மாதிரிதான் பேசினாய். ஆனால் மிக்சர் நின்றுவிட்டதே. அத்தனை நாளும் உன் பேச்சை மூடிக்கொண்டிருந்த சத்தம் இல்லை. காற்றுகூட இல்லை. ரோட்டோர வேப்பமரத்தில் உட்கார்ந்த காக்காவுக்கும் கேட்டிருக்கும்.

ஆட்கள் வழக்கம்போல உனக்குப் பின்னால் பார்த்தார்கள். அங்கே நான்தான் நின்றேன். எல்லாக் கண்ணும் என் மேல். போன தடவை கத்தினவள், இப்போது என்ன சொல்கிறாள் என்று. நான் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தேன். ஒரு கொக்கு போனது. அதையே பார்த்தேன். அது போய்ச் சேருகிற வரைக்கும் பார்த்தேன். வேறு வழியில்லாமல் அவர்கள் திரும்ப உன்னைப் பார்த்தார்கள்.

நீ மறுபடி சொல்லவில்லை. காத்திருந்தாய். அதைத்தான் நான் மறக்க மாட்டேன்.

உன் சித்தப்பா கீழே இறங்கி வந்தார். நீ சொன்னதையே சத்தமாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். வாயைத் திறந்தார், மூடினார். சட்டையைக் கழற்றி ஜன்னல் ஓட்டை விளிம்பில் போட்டுவிட்டு, மண்வெட்டியை எடுத்து, "எங்க கொட்டணும்?" என்று உன்னைக் கேட்டார். நீ கலவை கலக்க விரித்த தகரத்தைக் காட்டினாய். சித்ரா சிமெண்டு மூட்டையைப் பிரித்தாள். அப்புறம் வரிசை, சட்டி, கைக்குக் கை. பொழுது சாயும்போது வெங்கடாசலம் ஐயாவும் அவர் வீட்டம்மாவும்கூட வரிசையில் நின்றார்கள். அவர் சட்டியை வாங்கிக் கொடுக்கும்போதெல்லாம் பஸ்ஸில் சொல்கிற மாதிரி, "போலாம் ரைட், போலாம் ரைட்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நீ மேலே மட்டம் தட்டிக்கொண்டிருந்தபோது அவர் உன் சித்தப்பாவிடம், "மேல்மாடி எப்ப ஆரம்பிக்கலாம் சீனு?" என்று கேட்டார். அது உனக்குக் கேட்டிருக்காது. "என்னைய ஏன் சார் கேக்குறீங்க? அதோ மேல நிக்குது பாருங்க, அதைக் கேளுங்க" என்றார் உன் சித்தப்பா.

நான் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போதும் விக்கிரவாண்டி டோல் வரைக்கும் திறக்கவில்லை. தேவா பயந்துவிட்டார்.

அடுத்த மாதம் பனமலையில் எனக்குச் சொந்தமாக ஒரு வேலை வந்திருக்கிறது. ஷீட்டு வாடகை மட்டும் இல்லை, முழுக் கட்டடம், சமுதாயக் கூடம். இப்போதே முட்டுகள் கனவில் வர ஆரம்பித்துவிட்டன. புனிதா வருகிறேன் என்றாள். வேண்டாம், எனக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

மேரி


திண்டிவனம்
21.2.2025

மேரி அக்காவுக்கு,

தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறோம். கான்கிரீட் நன்றாக இறுக வேண்டுமே. காலையும் மாலையும் நானே ஏறித் தண்ணீர் விடுகிறேன். உங்களுக்கு இதெல்லாம் பழகிப்போயிருக்கும், ஆனாலும் சொல்கிறேன். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு வானம். ஒன்றில் மேகம் வந்தால் அடுத்ததிலும் அதே மேகம், ஒரே நேரத்தில். எந்த மூலையிலும் தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான்கு மூலையிலும் ஒரே உயரம். நேற்று ஒரு மீன்கொத்தி வந்து பாத்தி வரப்பில் உட்கார்ந்து, வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. மீன் இருக்கும் என்று நம்பிவிட்டது. பாவம். நான் அசையாமல் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஆட்டோவில் கூட்டி வந்தோம். அவரால் படி ஏற முடியாது. கீழே உங்கள் முட்டுகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். ஒரு முட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "மேல எப்படி இருக்குது?" என்று கேட்டார். எனக்கு வேலை தெரிந்தவர்கள் மாதிரி பதில் சொல்லத் தெரியவில்லை. "வானம் இருக்குதுப்பா" என்றேன். "எத்தனை அங்குலம் தண்ணி நிக்குது?" "ரெண்டு." "அப்ப சரி" என்றார்.

அன்றிரவு சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு இன்னா வேலை?" என்று கேட்டார். தினமும் அதைச் சித்தப்பாவைத்தான் கேட்பார். சித்தப்பா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. நான் சொன்னேன். நெல்லுக் கடை ஜங்ஷன் பக்கத்தில் அஸ்திவாரம் தோண்ட ஆரம்பிக்கிறோம், ஆறு ஆள், முருகையன் மேஸ்திரி வருகிறார் என்று. அப்பா தலையை ஆட்டினார். சித்தப்பா, "ஏழு மணிக்கெல்லாம் வந்துடட்டுமா?" என்றார். என்னைக் கேட்டார் அக்கா. "ஆறரைக்கு வாங்க சித்தப்பா" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

பனமலை வேலைக்கு நான் வருகிறேன். அங்கே ஏரிக்கரையில் எந்தப் பக்கம் நிழல் இருக்கும் என்று தேவா அண்ணனிடம் கேட்டு வைத்திருக்கிறேன். குடை கொண்டு வருகிறேன், மடங்காத குடை. நாள் முழுக்க நிற்கிறேன். நீங்கள் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் இருப்பேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

குமிழி ஏதாவது கண்ணில் பட்டால் மட்டும், பக்கத்தில் வந்து உங்கள் காதில் சொல்லுவேன்.

கலை